புலி கையிருப்பில் இல்லை

ஜவ்வாது மலை முழுவதும் தனக்குச் சொந்தம் என்பதைத் தீர்த்தகிரி ஒருநாளும் மறைத்ததில்லை. கேட்டவர்களிடம் சொன்னான். கேட்காதவர்களிடம், அவர்கள் கேட்கும்வரை பக்கத்தில் நின்று சொன்னான். வனத்துறை அதைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அது அவர்கள் இஷ்டம். தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைக்கிறவர்கள் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், விதைக்கட்டும். மண், மரம், பாறை, கரடி எல்லாவற்றையும் அவர்களே வைத்துக்கொள்ளலாம். பெயர் அவனுடையது. பெயர் யாருடையதோ, மலையும் அவனுடையதுதான்.

இதில் பொய் எதுவும் இல்லை. இணையத்தில் ஒரு முகவரியை ஒருவர்தான் வாங்க முடியும். டொமைன் என்பார்கள். வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டிருக்கும்வரை வேறு யாரும் அந்தப் பெயரைத் தொட முடியாது. ஜவ்வாது என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதிலோ, மலைப்பாதையில் நிற்கும் பலகைகளே தங்களுக்குள் ஒத்துப்போனதில்லை. ஒரு வி போட்டவர்கள் உண்டு, இரண்டு வி போட்டவர்கள் உண்டு, வி-யை நம்பாமல் டபிள்யூ போட்டவர்கள் உண்டு, கடைசியில் ஒரு எச் சேர்த்து மனநிறைவு அடைந்தவர்கள் உண்டு. பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே தீர்த்தகிரி அத்தனையையும் வாங்கிப் போட்டுவிட்டான். எவன் எந்தப் பிழையோடு இந்த மலையைத் தேடினாலும் அவன் வாசலில்தான் வந்து விழ வேண்டும்.

விழுந்தவர்கள் அங்கே கண்டது ஒரே ஒரு பக்கம். 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, வாங்க விரும்புகிறவர்கள் எழுதுவதற்கு ஒரு பெட்டி. அவ்வளவுதான். இணையதளம் என்று எதையும் அவன் கட்டவில்லை. கட்டுவது அவன் கொள்கைக்கு விரோதம்.

"சைட்டு கட்றவன் கொத்தனாரு," என்பான். "பேர வச்சிக்கினு கீறவன் ஜமீன்."

அவன் அம்மா சாந்தம்மாளுக்கு இந்த ஜமீன் விவகாரத்தில் ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "மலையே உன்துன்றியே, அந்தப் புளிய மரத்துல ஏறி நாலு கிளைய உலுக்க மாட்டியா?" என்று ஒவ்வொரு மாசியிலும் கேட்பாள். ஜமீன்தார்கள் மரம் ஏறியதாக வரலாறு இல்லை என்று அவன் ஒவ்வொரு மாசியிலும் பதில் சொல்வான்.

அவன் வாங்கிய பெயர்களிலேயே அவன் மிகவும் பெருமைப்பட்டது ஜவாதுபுலி டாட் காம். அதற்குப் பின்னால் ஒரு தொலைநோக்கு இருந்தது. இன்றைக்கு மலையில் புலி கிடையாது. ஆனால் புலிக்குக் கால் இருக்கிறது. என்றைக்காவது ஒரு புலி எங்கிருந்தோ நடந்து இந்தப் பக்கம் வரும். அன்றைக்கு எல்லாத் தொலைக்காட்சியும் மலையேறும், நாடே 'ஜவாது புலி' என்று தேடும். அப்போது வாசலில் எவன் நிற்பான்?

கல்லூரிக் கணினிக் கூடத்தில் அவன் அதை வாங்கி முடித்த நேரத்தில், அடுத்த கணினியில் இருந்த கவியா எட்டிப் பார்த்தாள். கலசப்பாக்கத்துப் பெண். அதுவரை அவனிடம் பேனா கேட்டதைத் தவிர எதுவும் பேசியதில்லை.

"ஜவாது புளி. நல்ல பேரு," என்றாள்.

"புளி இல்ல. புலி."

"எந்தப் புலி?"

"வரும்."

அவள் திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் ளகரம் கிடையாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. வாங்குகிற அவசரத்தில் தோன்றவில்லை. திருவண்ணாமலையில் தொடங்கி வேலூர் வரைக்கும் ஒரு வீட்டில்கூட இந்த எழுத்துகளைப் படித்தால் புலி ஞாபகத்துக்கு வராது. ரசம்தான் வரும்.

"வர்ற வரைக்கும் நீயே இருந்துக்கோ, புலி," என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவனுக்குப் புலி என்று பெயர். மற்றவர்கள் ஜமீன் என்றார்கள். புலி என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். 'இன்னா புலி, சாப்ட்டியா?' என்பாள். 'புலி, ரெக்கார்ட் நோட்டு குடு' என்பாள். வெள்ளிக்கிழமைகளில் ஊருக்குப் போக இருவரும் திருவண்ணாமலையில் ஒரே போளூர் பேருந்தில் ஏறுவார்கள். அவள் கலசப்பாக்கத்தில் இறங்கிக்கொள்வாள். அவன் போளூர் போய் மலைப் பேருந்து பிடிக்க வேண்டும். கலசப்பாக்கத்துக்குப் பிறகும் அந்தப் பேருந்தில் மனிதர்கள் இருந்திருப்பார்கள், நடத்துநர் விசில் அடித்திருப்பார். தீர்த்தகிரிக்கு எதுவும் நினைவில் இல்லை.

மூன்றாம் ஆண்டு மாசி மாதம் வகுப்பில் கொஞ்சம் பேர் மலைக்குச் சுற்றுலா வந்தார்கள். அருவியைப் பார்த்துவிட்டு அவன் வீட்டுக்கும் வந்தார்கள். ஓடை ஓரத்துப் புளியமரத்தில் பாதி பழுத்த செங்காய் தொங்கியது. அவன் அம்மா பறித்து உப்போடு கொடுத்தாள். கவியா ஒன்றைக் கடித்தாள். புளிப்பு ஏறியதும் அவளுடைய இடது கண் மட்டும் தானாக மூடிக்கொண்டது. வலது கண் திறந்திருந்தது. அது அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கண் மூடி ஒரு கண் திறந்தபடியே அவள் கேட்டாள்: "இத வச்சிக்கினு நீ எதுக்குடா புலிக்குக் காத்துனு இருக்கே?"

அதற்கு அவன் பொருத்தமான பதில் ஏதோ சொன்னான். என்ன பதில் என்று அவனுக்கு இப்போது ஞாபகமில்லை. கண்தான் ஞாபகம் இருக்கிறது.

சுற்றுலா முடிந்த கையோடு அவள் ஒரு யோசனையுடன் வந்தாள். கடைசி ஆண்டுத் திட்டப்பணிக்கு அவள் எடுத்திருந்த தலைப்பு, வெறும் பெயராகக் கிடக்கும் டொமைனை இணையதளமாக வளர்ப்பது எப்படி என்பது. ஜவாதுபுலியைக் கொடு, இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாம் என்றாள். விவரமாக விளக்கவும் செய்தாள். கையில் பத்துப் பெயர் இருந்தால் ஒன்றைத்தான் வளர்க்க வேண்டும். மற்றவற்றை எல்லாம் அந்த ஒன்றின் வாசலுக்குத் திருப்பிவிட வேண்டும். அந்த வாசலுக்கு யார் வருவார், எதைத் தேடிக்கொண்டு வருவார் என்று யோசிக்க வேண்டும். வருகிறவர் வாயில் வரும் முதல் கேள்விக்கு முதல் வரியில் பதில் இருக்க வேண்டும். வேறெங்கும் கிடைக்காத, நமக்கு மட்டுமே தெரிந்த ஒன்று அங்கே இருந்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் யாரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள். பெரிதாக ஆரம்பிக்கக் கூடாது. ஒரு பக்கம் போதும். ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது போய்க் கூட்டிப் பெருக்க வேண்டும்.

"பேர் மட்டும் எழுதி வச்ச வூட்டுக்கு யாருடா வருவா?" என்றாள். "தேடி வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணியாவது குடுக்கணும்ல?"

அந்தத் தண்ணீர் அவனுக்குப் பிடித்துப்போனது. துறையின் சுவர்ப் பத்திரிகையில் அவன்தான் நையாண்டிப் பகுதி எழுதுகிறவன். அந்த வாரம் 'தண்ணீர்ப் பந்தல் திறப்பு விழா' என்று ஓர் அழைப்பிதழ் எழுதினான். இணையத்தில் மாணவர்கள் தளம் திறக்கிறார்கள், ரிப்பன் வெட்டுகிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள், மறுநாள் பானையில் தண்ணீர் இல்லை, அதற்கடுத்த நாள் பானையே இல்லை, சங்கிலியில் கட்டிய டம்ளர் மட்டும் காற்றில் ஆடுகிறது. இப்படிப் போனது அது. சிறப்பு விருந்தினர்: புளிச் செல்வி கவியா அவர்கள், கலசப்பாக்கம். துறையே சிரித்தது. கவியாவும் சிரித்தாள். எல்லோரையும்விடக் கொஞ்சம் முன்னதாகச் சிரித்து முடித்தாள்.

பிறகு அவள் தன் ஊர் நெல் ரகங்களை வைத்து வேறொரு பெயரில் தனியாகவே தளம் செய்தாள். அதைக் காட்டித்தான் அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கடைசித் தேர்வு முடிந்த அன்று வழக்கம்போல ஒரே பேருந்து. கலசப்பாக்கத்தில் இறங்கியவள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"கடையத் தெறந்தா சொல்லு, புலி. மொத ஆளா வர்றேன்."

"ஜமீன்தார் கடை போட மாட்டான்," என்றான் தீர்த்தகிரி.

பேருந்து கிளம்பிவிட்டது. நல்ல பதில் என்றுதான் போளூர் வரைக்கும் நினைத்தான். மலைப்பாதையின் முதல் வளைவில் சந்தேகம் வந்தது. ஜமுனாமரத்தூரில் இறங்கும்போது சந்தேகம் தீர்ந்திருந்தது. அது நல்ல பதில் இல்லை.

அவளாகக் கூப்பிடட்டும் என்று இருந்தான். கோடை போய் மழையும் வந்தது. ஒருநாள் தைரியம் வந்து அவனே கூப்பிட்டான். அவள் அப்பா துரைக்கண்ணு எடுத்தார். அந்த எண்ணைக் கலசப்பாக்கத்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் போல. யாருப்பா, என்றார். மலைக்குச் சொந்தக்காரன் மிகுந்த மரியாதையோடு "ராங் நம்பருங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அதன்பிறகு ஜமீன் ஒழிப்பு தொடங்கியது. ஒரு பெயரையும் யாரும் வாங்க வரவில்லை. ஜமுனாமரத்தூர் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டு அத்தனை பெயர்களையும் வருடா வருடம் புதுப்பிப்பது நடக்கிற காரியமாக இல்லை. முதலில் ஒரு வி போனது. பிறகு இரண்டு வி போயிற்று. டபிள்யூ போனபோது அவன் கொஞ்சம் வருத்தப்பட்டான். கைவிட்டுப் போன பெயர்களை வேறு எவனாவது எடுத்துக்கொண்டானா என்று அவ்வப்போது பார்ப்பான். எவனும் எடுக்கவில்லை. அது இன்னும் வருத்தமாக இருந்தது.

கடைசியில் மிஞ்சியது ஜவாதுபுலி. அதைத்தான் முதலில் விட்டிருக்க வேண்டும். புலி வருகிற அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் அதைப் புதுப்பிக்கிற நாளை மட்டும் அவன் மறந்ததே கிடையாது. வியாபார உத்தி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். உண்மையில் அவனுடைய கைபேசி எண் மாறிவிட்டது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியேறியிருந்தான். இந்த உலகத்தில் கவியாவுக்குத் தெரிந்த, அவனுடைய ஒரே கதவு அதுதான். அதை மூடிவிட்டால், அவளுக்கு என்றைக்காவது தட்டத் தோன்றினால், எதைத் தட்டுவாள்?

ஆனால் அந்தக் கதவை மற்றவர்கள்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள். விற்பனைக்கு என்ற வரிக்குக் கீழே இருந்த பெட்டியில் அவ்வப்போது செய்திகள் வந்தன. 'புளி இருக்கா?' என்று. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, 'puli irukka'. பெயரை விற்க அவன் ஒரு தரகு நிறுவனத்திடம் விட்டிருந்தான். எழுதியவர் யார், எந்த ஊர் என்று அந்த நிறுவனம் காட்டாது. பதிலையும் அவர்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். முதல் செய்தி வந்த அன்று தீர்த்தகிரி வெகுநேரம் சிரித்தான். பெயர்ப்பலகையைப் பார்த்துப் புளிக்கடை என்று நம்புகிற நாட்டில் நாம் ஜமீனாக இருக்கிறோமே என்று. பிறகு ஒரு பதிலை எழுதி, யார் கேட்டாலும் அதுவே தானாகப் போகும்படி செய்து வைத்தான்.

'தற்போது புலி கையிருப்பில் இல்லை. பெயர் வாங்க விரும்புவோர் மட்டும் தொடர்பு கொள்ளவும்.'

ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களுக்கு அதைக் காட்டுவான். சாதிச் சான்றிதழுக்கு வந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

இந்த வருடம் மாசி பிறந்ததும் சாகிப் வந்தான். வாணியம்பாடிக்காரன், கல்லூரியில் தீர்த்தகிரிக்கு ஒரே பெஞ்ச். அவன் அப்பா அமீனுல்லாவுக்குப் புளி வியாபாரம். இந்த முறை மலைக்குக் கொள்முதலுக்கு மகனை அனுப்பியிருந்தார். மினி லாரியைச் சாலையோரம் விட்டுவிட்டு நேராக ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தான்.

"இன்னாடா ஜமீன், ஜெராக்ஸ் எடுத்துனு கீற?"

"மலைக்கு ஒரு காப்பி எடுத்து வச்சிக்கலாம்னு."

சாகிப் உட்கார்ந்தான். புளி விளைச்சல், அப்பாவின் சர்க்கரை, தோல் தொழிற்சாலைக்குப் போன நண்பர்கள் என்று ஒரு சுற்று வந்தான். பிறகு, தங்கை லுப்னாவின் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டான்.

"மழைடா," என்றான் தீர்த்தகிரி.

"அன்னிக்கு வெயில்ல எங்க பந்தலே காஞ்சிப் போச்சு."

"மேல தனி மழை."

அழைப்பிதழை அவன் பத்திரமாகத்தான் வைத்திருந்தான். போளூர் வரைக்கும் போகவும் செய்தான். கல்யாணத்துக்குக் கவியா வந்திருப்பாளோ என்று பயமாக இருந்தது. வராமல் போயிருந்தால் என்ன செய்வது என்றும் பயமாக இருந்தது. இரண்டு பயத்தையும் தூக்கிக்கொண்டு வாணியம்பாடி வரை போக முடியாமல் அடுத்த மலைப் பேருந்தில் திரும்பிவிட்டான்.

"கவியா வந்திருந்தா," என்றான் சாகிப்.

தீர்த்தகிரி எழுந்து ஒரு வெற்றுத் தாளை இயந்திரத்தில் வைத்து, வெற்றுத் தாள் ஒன்றை நகல் எடுத்தான்.

"என்னப் பத்திக் கேட்டாளா?"

"கேக்கல. சொன்னா. உனக்கு எழுதினாளாம்."

"எனக்கா?"

"அந்தப் பேரை விக்கிற பக்கத்துல. புலி இருக்கான்னு. கையிருப்பில இல்லன்னு பதில் போட்டியாமே."

இயந்திரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு நின்றது.

"பேர் போட்டு எழுதியிருக்கலாம்ல," என்றான் தீர்த்தகிரி.

"உன்னைப் புலின்னு கூப்பிட்டவ இந்த உலகத்துல ஒருத்திதான். அதுக்கு மேல இன்னா பேர் போடணும்?"

அது மட்டுமில்லை. சென்னையில் அவள் தங்கியிருக்கிற விடுதியில் யார் நல்ல புளி எங்கே கிடைக்கும் என்று கேட்டாலும் அவள் ஜவாதுபுலி முகவரியைத்தான் கொடுப்பாளாம். இப்போதைக்குக் கடை மூடியிருக்கிறது, என்றைக்காவது திறப்பான், கேட்டுக்கொண்டே இருங்கள் என்பாளாம். சாகிப் இதையெல்லாம் புளி விலை சொல்கிற அதே குரலில் சொன்னான். "அவ நம்பர்..." என்று ஆரம்பித்தான் தீர்த்தகிரி.

"குடுக்க மாட்டேன். குடுக்காதன்னா." சாகிப் எழுந்துகொண்டான். "கடையத் தெறக்கட்டும், நானே வர்றேன்னா."

லாரி போன பிறகு தீர்த்தகிரி கணினியில் பழைய செய்திகளை எல்லாம் எடுத்துப் பார்த்தான். எல்லாம் அதே இரண்டு சொற்கள். ஒன்றில் கேள்விக்குறி இருந்தது, ஒன்றில் இல்லை. ஒன்றில் இரண்டு கே, இன்னொன்றில் ஒரே கே. அவள் கேள்விக்குறி போடுகிறவளா? ரெக்கார்ட் நோட்டைத் திருப்பித் தரும்போது உள்ளே துண்டுச் சீட்டு வைப்பாளே, அதில் போட்டாளா? ஜவ்வாதுக்கு எத்தனை வி என்று தலைகீழாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லை. இவற்றில் ஒன்று புளி கேட்கவில்லை. அவனைக் கேட்டிருக்கிறது. எது என்றுதான் கண்டுபிடிக்க முடியாது. எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இல்லை என்று சொல்லியிருக்கிறான்.

ஒருத்திக்கு மட்டும் பதில் சொல்ல வழியில்லை. அத்தனை பேருக்கும் சொன்னால்தான் அவளுக்கும் போய்ச் சேரும். இல்லாத புளியை இருக்கிறது என்று சொல்லவும் முடியாது.

மறுநாள் காலையில் அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடை ஓரத்து மரத்தில் ஏறினான். சாந்தம்மாள் கீழே சாக்கை விரித்தபடி அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாடா, ஜமீன் போச்சா?"

"அரசாங்கம் எடுத்துக்கிச்சு."

"எடுக்கட்டும். அந்தப் பக்கத்துக் கிளைய நல்லா உலுக்கு."

நாலு நாள் உலுக்கினான். காய்ந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து ஓடு உடைத்தான், நார் எடுத்தான், கொஞ்சத்துக்குக் கொட்டையும் எடுத்தான். சாகிப் திரும்ப வந்து கேட்டபோது பாதியைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். சாகிப் ஏன் என்று கேட்கவில்லை. மிச்சத்தை ஏற்றிக்கொண்டு, தேவையில்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

பத்துப் பெயரில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற முதல் வேலையை வறுமை அவனுக்காக ஏற்கெனவே செய்து வைத்திருந்தது. அடுத்த வேலை எழுதுவது. ஜெராக்ஸ் கடையில் மதியத்துக்குமேல் ஆள் வராத நேரத்தில் உட்கார்ந்தான். 'தென்னிந்தியாவின் தலைசிறந்த' என்று தொடங்கினான். சுவர்ப் பத்திரிகை எழுதிய காலத்தில் இப்படி ஒரு வரி கையில் கிடைத்திருந்தால் ஒரு வாரம் வைத்து உரித்திருப்பான். அழித்தான். 'பாரம்பரியம்' என்று ஒன்று எழுதி அதையும் அழித்தான். யார் வருவார்? விடுதிப் பெண்கள் வருவார்கள். குழம்பு வைக்கிறவர்கள் வருவார்கள். 'எங்கள் மரத்துப் புளி. இந்த மாசியில் உலுக்கியது' என்று எழுதினான். அது அப்படியே நின்றது. மரத்தின் படம் போட்டான், புளியின் படம் போட்டான். மலைக்கு நேரில் வருகிறவர்களுக்குப் போளூரிலிருந்து எந்த நேரத்துக்குப் பேருந்து, எங்கே இறங்க வேண்டும் என்று எழுதினான்.

நமக்கு மட்டுமே தெரிந்த ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அதற்குத்தான் அவனுக்கு ஒரு மதியம் முழுவதும் ஆயிற்று. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆதார் நகலுக்கு வந்த ஒருவர், அவன் கவனிக்காததால் இரண்டு முறை செருமினார். கடைசியில் மரத்தின் படத்துக்குக் கீழே எழுதினான்:

'ஓடை ஓரத்து மரம். இதன் செங்காயைக் கடித்தால் இடது கண் மட்டும் மூடிக்கொள்ளும்.'

படித்துப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. விட்டுவைத்தான்.

பக்கத்தின் அடியில், எவருக்கும் அவசியமில்லாத ஓர் இடத்தில், இன்னொரு வரி சேர்த்தான். 'புலியைத் தேடி வந்தவர்களுக்கு: இருக்கிறது. முன்பு இல்லை என்று சொன்னது தவறு.'

அதன்பிறகு 'விற்பனைக்கு' என்ற வரியை நீக்கினான். ரிப்பன் வெட்டவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. கடை உரிமையாளர் எட்டிப் பார்த்தபோது ஏதோ விண்ணப்பம் என்றான். தானாகப் போகிற பதிலை நிறுத்திவிட்டு, கேட்டிருந்த ஒவ்வொருவருக்கும் தன் கையால் பதில் எழுதினான். 'புளி இருக்குங்க. தாமதத்துக்கு மன்னிக்கணும்' என்று எழுதித் தளத்தில் வந்து பார்க்கச் சொன்னான். எல்லோருக்கும் ஒரே சொற்கள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் அது அவளுக்குப் போவதாக நினைத்துக்கொண்டே எழுதினான். அதனால் வேலை முடிய இரண்டு நாள் ஆனது.

ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்க் கூட்டிப் பெருக்கினான். பேருந்து நேரம் ஒன்று மாறியிருந்தது, திருத்தினான். அம்மா சந்தையில் ஒரு சாக்கு புளியை விற்றிருந்தாள், அதைக் குறித்தான். மங்கலாக இருந்த ஒரு படத்தை மாற்றினான். பார்க்கிறவர் யாரும் இல்லாவிட்டாலும் பானையில் தண்ணீர் இருக்க வேண்டுமல்லவா.

அடுத்த வாரம் தளத்தின் பெட்டியில் ஒரு செய்தி வந்தது. இந்த முறை தமிழ் எழுத்தில். பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

'கொட்டை எடுத்ததா, எடுக்காததா?'

தீர்த்தகிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். புளி வாங்குகிற எவரும் கேட்கிற முதல் கேள்வி அது. முதல் வரியில் இருந்திருக்க வேண்டிய பதில். ஓடை, மரம், கண், புலி, பேருந்து எல்லாம் எழுதினான். அதை மட்டும் எழுதவில்லை. யாரோ ஒரு விடுதிப் பெண் சாதாரணமாகக் கேட்டிருக்கலாம். திட்டப்பணியில் முழு மதிப்பெண் வாங்கிய ஒருத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குறை சொல்லியிருக்கலாம். கேள்விக்குறி இருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பக்கத்தைத் திறந்து எல்லாவற்றுக்கும் மேலே கொட்டையைப் பற்றிய வரியைச் சேர்த்தான். சரியாக வந்திருக்கிறதா என்று கைபேசியிலும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டான். பிறகு பெட்டிக்குத் திரும்பி, வருகிறவர் யாராக இருந்தாலும் எழுந்து நின்று சொல்கிறவனைப் போல, பதில் எழுதினான்.

'ரெண்டும் இருக்குங்க.'